நீலப் பெட்டியின் வரலாறு

இணைய வசதி பெற்ற வீடுகளில் இன்று ஒரு சிறு பெட்டி இருக்கக் காண்கிறோம். தொலைக்காட்சிக்கு அருகிலோ, நூலடுக்கின் மேலோ, சுவரோரத்திலோ அது அமர்ந்து பச்சை விளக்குகளை மினுக்கிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து கம்பி வழியே வரும் இணையத்தை வாங்கி, வீட்டிலுள்ள கைப்பேசிக்கும் கணினிக்கும் கம்பியின்றிப் பங்கிட்டுத் தருவது அதன் வேலை. ஆங்கிலத்தில் அதனை ரூட்டர் என்பர். தமிழில் திசைவி என வழங்குவாரும் உளர். ஒழுங்காக வேலை செய்யும் வரையில் அதனை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நின்றுவிட்டால் மட்டும் வீட்டார் அனைவரும் அதன்முன் கூடிவிடுகின்றனர்.

இச்சிறு பெட்டிக்கும் ஒரு வரலாறு உண்டு. அது வேகத்தைப் பற்றியதோ விலையைப் பற்றியதோ அன்று, உடைமையைப் பற்றியது. காசு கொடுத்து வாங்கியவனுக்குப் பெட்டி முழுவதும் உரியதா, அன்றி அதன் உள்ளே எழுதப்பட்டிருப்பதன்மேல் விற்றவனுக்கே என்றும் ஆட்சியா என்னும் வினா 2003-ஆம் ஆண்டில் எழுந்தது. அன்றுமுதல், புதிய ரூட்டர் ஒன்று கடைக்கு வருந்தோறும் அவ்வினாவும் புதிதாக எழுந்துகொண்டே இருக்கின்றது. தமிழாசிரியர்க்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். எழுதப்பட்ட ஒன்றை யார் படிக்கலாம், யார் திருத்தலாம், யார் படியெடுத்துப் பிறர்க்கு வழங்கலாம் என்பதே இவ்வரலாற்றின் நடுப்பொருள். அது நமக்கு அயலான பொருள் அன்று.

சொல்லும் பொருளும்

ரூட்டரும் ஒரு கணினியே. அதனுள் கணக்கிடும் சில்லு ஒன்றும், வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம் ஒன்றும், மின்சாரம் நின்றாலும் எழுதியது அழியாத நினைவகம் மற்றொன்றும் உள்ளன. அவ்வழியா நினைவகத்தில் பதிந்து, பெட்டியை எழுப்பி இயக்கும் மென்பொருளுக்கு ஆங்கிலத்தில் பெர்ம்வேர் என்று பெயர். நிலையாகப் பதிந்திருப்பது பற்றி நிலைபொருள் எனத் தமிழில் ஆக்கியுள்ளனர். இக்கட்டுரையில் அச்சொல்லையே ஆளுவோம்.

மென்பொருளுக்கு இரு வடிவங்கள் உண்டு. மனிதர் எழுதுவதும் படிப்பதும் ஒரு வடிவம். அதனை மூல நிரல் என்பர். அதனை எந்திரம் ஏற்கும்படி மாற்றியது மற்றொரு வடிவம். அது வெறும் எண்களின் வரிசையாக இருக்கும். கடையில் வாங்கும் பெட்டிக்குள் இருப்பது இரண்டாம் வடிவம் மட்டுமே. அதனைக்கொண்டு மூலத்தை உணர முயல்வது, பிறர் வைத்த குழம்பை நாவில் வைத்துப் பார்த்து மசாலைக் கணக்கை எழுத முயல்வது போன்றதாகும். இயலாதது அன்று; மிக அரிது. மூல நிரலை எவரும் படித்துத் திருத்தி வழங்கலாம் என்று உரிமை தந்து வெளியிடப்படும் மென்பொருளே திறந்த மூல மென்பொருள் எனப்படும்.

உரிமத்தின் பிறப்பு

நீலப் பெட்டியின் கதைக்கு முன், அதற்குக் காரணமாய் அமைந்த உரிமத்தின் கதையைச் சொல்ல வேண்டும். 1980-ஆம் ஆண்டையொட்டி, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பார் பணியாற்றினார். அவருடைய ஆய்வுக்கூடத்தில் இருந்த பழைய அச்சுப்பொறியில் தாள் சிக்கிக்கொண்டால், அச்சிடக் காத்திருப்போர்க்குக் கணினியே செய்தி சொல்லும்படி அவர் மென்பொருளைத் திருத்தியிருந்தார். பின்னர் சிராக்ஸ் கம்பெனி புதியதோர் அச்சுப்பொறியைக் கொடுத்தது. அதற்கு மூல நிரல் தரப்படவில்லை. அதனை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்தாரிடம் சென்று கேட்டார். வெளியிடமாட்டேன் என்று வாக்களித்திருப்பதாகக் கூறி அவர் மறுத்துவிட்டார். தாள் தொடர்ந்து சிக்கிக்கொண்டே இருந்தது.

இம்மறுப்பு ஸ்டால்மனைச் சிந்திக்க வைத்தது. 1983-ஆம் ஆண்டில் குனூ என்னும் திட்டத்தை அறிவித்தார். 1989-ஆம் ஆண்டில் பொது உரிமம் ஒன்றை எழுதி வெளியிட்டார். ஜி.பி.எல். என்று சுருக்கமாக வழங்கும் அவ்வுரிமத்தின் இரண்டாம் பதிப்பு 1991-ஆம் ஆண்டில் வந்தது. அதன் சாரம் எளிது. இவ்வுரிமத்தின்கீழ் வந்த மென்பொருளை எவரும் பயன்படுத்தலாம், படிக்கலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் அதனைப் பிறர்க்கு எந்திர வடிவில் கொடுப்பவர், மூல நிரலையும் பெறுவதற்கு வழி செய்தாக வேண்டும். தாம் பெற்ற உரிமையைத் தமக்குப் பின் பெறுவோர்க்கு மறுக்கலாகாது. அவ்வளவே.

அதே 1991-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்னும் இயக்க அமைப்பின் கருவை வெளியிட்டார். அடுத்த ஆண்டில் அதனை இப்பொது உரிமத்தின்கீழ்க் கொண்டுவந்தார். விலையின்றிக் கிடைத்தமையாலும், சிறு கருவிகளுக்கும் ஏற்றபடி குறுக்கிக்கொள்ள இயன்றமையாலும், கருவி செய்யும் கம்பெனிகள் பலவும் அதனை எடுத்துக்கொண்டன. எடுத்துக்கொள்ளும்போது உரிமத்தைப் படித்தனவா என்பது வேறு செய்தி.

நீலப் பெட்டி

விக்டர் ட்ஸாவ், ஜேனி ட்ஸாவ் என்போர் தைவானிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய தம்பதியர். அவர்கள் 1988-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் தொடங்கிய கம்பெனியே லிங்க்சிஸ். 2002-ஆம் ஆண்டு டிசம்பரில் அக்கம்பெனி கருப்பும் நீலமும் கலந்த நிறத்தில், இரு கொம்புகள் போல இரண்டு அலைவாங்கிகளுடன், ஒரு ரூட்டரை வெளியிட்டது. அதன் மாதிரிப் பெயர் டபிள்யூ.ஆர்.டி. 54ஜி. முதற்பதிப்பில் 16 மெகாபைட் நினைவகமும் 4 மெகாபைட் அழியா நினைவகமும் இருந்தன. நொடிக்கு 54 மெகாபிட் என்பது அதன் கம்பியில்லா வேகம். பெயரிலுள்ள எண் அதனையே குறிக்கும்.

பெட்டி நன்கு விற்பனையாயிற்று. 2003-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், வலைப்பின்னல் கருவிகளில் பெருங்கம்பெனியாகிய சிஸ்கோ, ஏறத்தாழ 50 கோடி அமெரிக்க வெள்ளி மதிப்பில் லிங்க்சிஸ் கம்பெனியை வாங்கப்போவதாக அறிவித்தது. சொத்தை வாங்குபவர் கடனையும் வாங்குகிறார் என்பது நம் ஊர்ப் பழமையான அறிவு. சிஸ்கோ வாங்கிய சொத்திலும் எவரும் கணக்கில் எழுதாத கடன் ஒன்று இருந்தது.

ஒரு கேள்வி

2003-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஆண்ட்ரூ மிக்லஸ் என்பவர், லினக்ஸ் எழுதுவோர்க்கு ஒரு மடல் விடுத்தார். நீலப் பெட்டியின் நிலைபொருளைத் தாம் ஆராய்ந்ததாகவும், அதனுள் லினக்ஸும் பொது உரிமத்தின்கீழ் வந்த வேறு மென்பொருள்களும் இருப்பதாகவும், அவற்றின் மூல நிரலைக் கம்பெனி வெளியிடவில்லை என்றும் அவர் எடுத்துக்காட்டினார்.

இது நேர்ந்தது எப்படி? பெட்டியை விற்றது லிங்க்சிஸ். அதற்குள் இருந்த சில்லு பிராட்காம் கம்பெனியுடையது. சில்லுக்குரிய மென்பொருளைத் திரட்டி அமைக்கும் வேலை தைவானிலுள்ள சைபர்டான் என்னும் மற்றொரு கம்பெனிக்குப் போயிருந்தது. கைமாறிக் கைமாறி வந்த பொருளில் எவருடைய எழுத்து இருக்கின்றது, என்ன நிபந்தனையோடு இருக்கின்றது என்று பார்க்க வேண்டிய பொறுப்பு ஒருவரிடமும் நிற்கவில்லை. ஏடு ஒன்றைப் படியெடுத்தவர் படியெடுத்தவர்க்குக் கொடுக்கும்போது முகப்போலை உதிர்ந்துபோனால், நூலாசிரியர் பெயரே மறைந்துவிடுவதுண்டு அன்றோ? அதுபோல உரிமம் இடையில் எங்கோ உதிர்ந்துபோயிற்று.

கேள்வி எழுந்தபின் அதனை மறைக்க இயலவில்லை. கட்டற்ற மென்பொருள் அறநிலையத்தாரும் பிறரும் வற்புறுத்தினர். 2003-ஆம் ஆண்டு முடிவதற்குள் லிங்க்சிஸ் தன் நிலைபொருளின் மூல நிரலை வெளியிட்டது. கம்பியில்லா அலைகளை இயக்கும் பகுதி மட்டும் மூலமின்றி எந்திர வடிவிலேயே தரப்பட்டது. இக்குறையைப் பின்னர்க் காண்போம்.

இதுவே இவ்வரலாற்றின் திருப்புமுனை. உரிமம் 1991 முதல் எழுத்தில் இருந்தது. அதன் பயன் வீட்டுப் பெட்டிக்கு வந்து சேர்ந்தது, ஒருவர் பெட்டியைத் திறந்து பார்த்துக் கேட்டபின்னரே.

வழி திறந்தோர்

மூல நிரல் கிடைத்தாலும், திருத்திய நிலைபொருளைப் பெட்டிக்குள் செலுத்த வழி வேண்டுமல்லவா? நீலப் பெட்டியின் அமைப்புப் பக்கத்தில், தொலைவிலுள்ள கணினி விடையளிக்கிறதா என்று சோதிக்கும் ஒரு கட்டம் இருந்தது. முகவரி எழுத வேண்டிய அவ்விடத்தில் கட்டளை ஒன்றை எழுதினால், பெட்டி அதனை அப்படியே நிறைவேற்றியது. கம்பெனியின் கவனக்குறைவால் நேர்ந்த இவ்வோட்டை, ஆர்வலர்க்குக் கதவாயிற்று. அவ்வழியே உட்புகுந்து, பெட்டி எழும்போது சில நொடி காத்திருந்து கம்பி வழியாகப் புதிய நிலைபொருள் வருகின்றதா என்று பார்க்குமாறு அமைத்துக்கொண்டனர். இதனால் மற்றொரு நன்மையும் விளைந்தது. திருத்தம் தவறிப் பெட்டி எழாமற்போனாலும், அச்சில நொடிகளுக்குள் பழைய நிலைபொருளையே திரும்பச் செலுத்தி அதனை மீட்க முடிந்தது.

2004-ஆம் ஆண்டு ஜனவரியில் ஓபன்டபிள்யூஆர்டி என்னும் திட்டம் தொடங்கிற்று. திறந்த என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லோடு நீலப் பெட்டியின் மாதிரி எழுத்துகளைச் சேர்த்து ஆக்கிய பெயர் அது. தொடக்கத்தில் லிங்க்சிஸ் வெளியிட்ட மூலத்தின்மேல் எழுந்த அத்திட்டம், பின்னர் முழுவதையும் மூலத்திலிருந்தே தொகுக்கும் முறைக்கு மாறிற்று. வேண்டிய சிறு மென்பொருள்களைப் பயன்படுத்துவோரே சேர்க்கவும் நீக்கவும் இயலும்படி அதனை அமைத்தனர். நெடுங்காலம் அதன் பதிப்புகளுக்கு மதுக்கலவைகளின் பெயரைச் சூட்டினர். பெட்டிக்குள் நுழைபவர்க்கு அக்கலவையின் செய்முறையையும் முகப்பில் காட்டினர். பெயரைப் பற்றி ஆசிரியர்களாகிய நமக்கு மாறுபாடு இருக்கலாம். செய்முறையை மறைக்காமல் காட்டுதல் அவர்தம் கொள்கைக்குப் பொருந்திய குறும்பே.

வேறு திட்டங்களும் எழுந்தன. ஸ்வீசாப்ட் என்னும் பெயரில் வந்த நிலைபொருளின் புதிய முன்பதிப்புகள் கட்டணம் செலுத்தியோர்க்கே தரப்பட்டன. பெற்றவர் பிறர்க்குப் பகிர்ந்தால் அவருடைய சந்தா நீக்கப்பட்டது. இது பொது உரிமத்திற்கு ஒத்ததா என்று பெரும்பூசல் விளைந்தது. அதன் விளைவாக 2005-ஆம் ஆண்டில் ஜெர்மானியராகிய செபஸ்தியான் காட்ஷால் டிடி-டபிள்யூஆர்டி என்பதைத் தொடங்கினார். டிடி என்பது டிரெஸ்டன் நகரத்து வண்டிகளின் எண்பலகை எழுத்து. 2006-ஆம் ஆண்டில் ஜோனதன் சரட்டே என்பார் தக்காளி எனப் பொருள்படும் டொமேட்டோ என்னும் நிலைபொருளை வெளியிட்டார். ஒரு கம்பெனி விருப்பமின்றித் திறந்த மூலத்திலிருந்து மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் இத்துணைக் கிளைகள் தழைத்தன.

பூட்டும் வழக்கும்

2005-ஆம் ஆண்டில் வெளிவந்த நீலப் பெட்டியின் ஐந்தாம் பதிப்பில், கம்பெனி லினக்ஸைக் கைவிட்டு விஎக்ஸ்வொர்க்ஸ் என்னும் மூடிய இயக்க அமைப்பைப் புகுத்திற்று. நினைவகத்தை 8 மெகாபைட்டாகவும் அழியா நினைவகத்தை 2 மெகாபைட்டாகவும் பாதியாக்கிற்று. புறத்தோற்றம் பெரிதும் மாறவில்லை. ஆனால் திருத்துவோர்க்கு வேண்டியிருந்தது பழைய பெட்டியே. எனவே பழைய அளவு நினைவகத்துடன், லினக்ஸைக் குறிக்கும் எல் என்னும் எழுத்தைப் பெயரின் இறுதியில் சேர்த்து, டபிள்யூ.ஆர்.டி. 54ஜிஎல் என்னும் பெட்டியை அதே ஆண்டில் கம்பெனி வெளியிட்டது. பல்லாண்டுகள் அது விற்பனையில் நின்றது. திறந்திருத்தல் விற்பனைக்குக் கேடு என்னும் அச்சத்திற்கு அப்பெட்டியே மறுமொழியாயிற்று. ஆர்வலரும் சும்மா இருக்கவில்லை. 2 மெகாபைட்டுக்குள் அடங்கும் சுருங்கிய நிலைபொருளை ஆக்கி, பூட்டிய ஐந்தாம் பதிப்பிலும் அதனைச் செலுத்தும் வழியை 2006-ஆம் ஆண்டில் கண்டனர்.

நீதிமன்றங்களும் இவ்வுரிமத்தை ஆராய நேர்ந்தது. லினக்ஸின் வலைக்காப்புப் பகுதியை எழுதியோருள் ஒருவராகிய ஹரால்ட் வெல்ட்டே, கம்பியில்லா ரூட்டர் விற்ற சைட்காம் கம்பெனியின்மேல் ஜெர்மனியின் மூனிச் நகரில் வழக்குத் தொடுத்தார். 2004-ஆம் ஆண்டு ஏப்ரலில் இடைக்காலத் தடை பிறந்தது. மே மாதத்தில் நீதிமன்றம் அத்தடையை உறுதி செய்தது. விலையின்றிக் கிடைத்ததாயினும் உரிமத்தின் நிபந்தனை சட்டத்தில் நிற்கும் என்பது அதனால் தெளிவாயிற்று. அமெரிக்காவில், லிங்க்சிஸ் பெயரில் விற்ற பல கருவிகள் குறித்து, கட்டற்ற மென்பொருள் அறநிலையம் 2008-ஆம் ஆண்டு டிசம்பரில் சிஸ்கோ மீது வழக்கிட்டது. 2009-ஆம் ஆண்டு மே மாதத்தில் இருதரப்பும் உடன்பட்டன. உரிமக் கடமைகளைக் கவனிக்கத் தனி அலுவலர் ஒருவரை அமர்த்தவும், அறநிலையத்திற்குப் பொருளுதவி செய்யவும் சிஸ்கோ இசைந்தது.

அலையை இயக்கும் பகுதி

மூலமின்றித் தரப்பட்ட பகுதி ஒன்று உண்டு என்றோம். பிராட்காம் சில்லின் கம்பியில்லாப் பகுதியை இயக்கும் மென்பொருள் அது. அஃது எந்திர வடிவில் இருந்தமையால், லினக்ஸின் புதிய பதிப்புகளுக்குப் பெட்டியைக் கொண்டுசெல்ல இயலவில்லை. வீடு முழுவதும் திறந்திருக்க, ஓர் அறை மட்டும் பூட்டியிருந்தது போலாயிற்று.

இதனைத் தீர்க்கத் தன்னார்வலர் கையாண்ட முறை நம் கவனத்திற்குரியது. அவர்கள் இரு குழுவாகப் பிரிந்தனர். முதற்குழு எந்திர வடிவத்தை ஆராய்ந்து, சில்லுக்கு எந்த வேளையில் எந்தக் கட்டளை செல்லுகின்றது என்பதைச் சொற்களால் விளக்கி எழுதியது. இரண்டாங்குழு கம்பெனியின் மென்பொருளைக் கண்ணாலும் பாராமல், அவ்விளக்கத்தை மட்டும் படித்துப் புதிய மென்பொருளை எழுதியது. பிறர் எழுத்தைக் களவாடினர் என்னும் பழி வாராமல் காத்துக்கொள்ளவே இவ்வேற்பாடு. அவ்வாறு பிறந்த மென்பொருள், 2006-ஆம் ஆண்டு ஜூனில் வந்த லினக்ஸ் 2.6.17-ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்டது.

அரசாங்கத்தின் ஐயம்

அடுத்த தடை அரசாங்கத்திடமிருந்து வந்தது. கம்பியில்லா ரூட்டர் ஒரு சிறு வானொலி நிலையமும் ஆகும். அளவுக்கு மிஞ்சிய ஆற்றலில் அலை வீசினாலோ, தனக்கு விலக்கப்பட்ட அலைவரிசையில் வீசினாலோ, விமான நிலையங்களின் வானிலை ராடார் போன்றவற்றுக்கு இடையூறு நேரும். ஆகவே அமெரிக்காவின் கூட்டரசுத் தகவல் தொடர்பு ஆணையம், 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குரிய கருவிகளை வெளியார் மாற்றாதபடி காக்க வேண்டுமென்று விதி செய்தது. 2015-ஆம் ஆண்டில் வந்த வழிகாட்டுக் குறிப்பு, டிடி-டபிள்யூஆர்டி போன்ற நிலைபொருள்கள் ஏறாதபடி எவ்வாறு தடுத்துள்ளீர் என்று கம்பெனிகளைப் பெயர் சொல்லியே கேட்டது.

அலையைக் காக்கச் சொன்னால், கம்பெனிகள் பெட்டி முழுவதையும் பூட்டிவிடும் என்பதை ஆர்வலர் உணர்ந்தனர். இணையத்தை வகுத்தோருள் ஒருவரான விண்டன் செர்ஃப், டேவ் டாட் முதலிய 260 வல்லுநர் சேர்ந்து 2015 அக்டோபரில் ஆணையத்திற்கு மடல் எழுதினர். பழுதைக் கண்டு திருத்துவோரைத் தடுத்தால் பாதுகாப்பு மிகாது, குறையும் என்பது அவர்தம் வாதம். அவ்வாண்டு நவம்பரில் ஆணையம் குறிப்பைத் திருத்தி, அலைவரம்பைக் காத்தலே தன் நோக்கம், திறந்த நிலைபொருளை ஒழித்தல் அன்று என விளக்கிற்று. ஆயினும் 2016-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் டிபி-லிங்க் கம்பெனி பிறருடைய நிலைபொருளை ஏற்காத ரூட்டர்களை அமெரிக்காவில் விற்கத் தலைப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில், சில ரூட்டர்கள் வரம்புக்கு மீறிய ஆற்றலில் இயங்க இடந்தந்தமைக்காக 2,00,000 வெள்ளி தண்டம் செலுத்த அக்கம்பெனி உடன்பட்டது. அவ்வுடன்பாட்டிலேயே, அலைவரம்பைக் காத்துக்கொண்டு திறந்த நிலைபொருளுக்கும் இடங்கொடுக்கும் வழியை நாடுவதாகவும் ஒப்புக்கொண்டது.

புதிய பெட்டிக்குக் கொண்டுசெல்லும் முறை

இனி, இன்று புதிதாக வரும் ரூட்டர் ஒன்றுக்குத் திறந்த நிலைபொருளை எவ்வாறு கொண்டுசெல்கின்றனர் என்பதைச் சுருக்கமாகக் காண்போம்.

முதற்கண் பெட்டியைத் திறந்து, எந்தச் சில்லு, எவ்வளவு நினைவகம் என்று பார்க்கின்றனர். பின்னர்த் தகட்டில் வரிசையாக உள்ள மூன்று அல்லது நான்கு உலோகப் புள்ளிகளைத் தேடுகின்றனர். தொழிற்சாலையில் சோதிப்பதற்காக அமைந்தவை அவை. அவற்றோடு கம்பி இணைத்துக் கணினியில் பார்த்தால், பெட்டி எழும்போது தனக்குத்தானே பேசிக்கொள்ளும் செய்திகளெல்லாம் வரிவரியாகத் தோன்றும். அச்செய்திகளிலிருந்து அழியா நினைவகம் எத்தனை பகுதியாகப் பிரிந்துள்ளது என்பது தெரியவரும். பொது உரிமத்தின்படி கம்பெனியிடம் மூல நிரலும் கேட்கப்படுகின்றது.

அடுத்து, எதனையும் மாற்றுமுன் அழியா நினைவகம் முழுவதையும் படியெடுத்து வைக்கின்றனர். இதில் ஒரு பகுதி பெரிதும் போற்றற்குரியது. ஒவ்வொரு பெட்டியின் வானொலிப் பகுதியையும் தொழிற்சாலையில் தனித்தனியே அளந்து திருத்திய கணக்கு அப்பகுதியில் இருக்கும். அது தொலைந்தால் அதே மாதிரியைச் சேர்ந்த வேறொரு பெட்டியிலிருந்துகூட அதனைச் சரியாகப் பெற முடியாது.

அதன்பின் அப்பெட்டியைப் பற்றிய விவரக்கோப்பு ஒன்றை எழுதுகின்றனர். எந்தக் காலில் எந்த விளக்கு, எந்தப் பொத்தான், நினைவகத்தின் எந்தப் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்பன அதில் இருக்கும். சில்லின் குடும்பம் முன்னரே ஆதரிக்கப்பட்டதாயின், இவ்விவரக்கோப்பும் சிறு மாற்றங்களுமே போதும். புதிய நிலைபொருளை முதலில் அழியா நினைவகத்தில் எழுதாமல், வேலை நினைவகத்தில் மட்டும் ஏற்றி ஓட்டிப் பார்க்கின்றனர். தவறினால் மின்சாரத்தை நிறுத்தி எழுப்பினால் பழையபடி ஆகிவிடும். எல்லாம் இசைந்தபின்னரே நிலையாக எழுதுகின்றனர். அவசரப்பட்டு எழுதி, எழாமற்போன பெட்டியை இத்துறையார் செங்கல் என்பர். சுவர் வைப்பதற்கன்றி வேறு பயன் இல்லை என்பது கருத்து.

இறுதியாகச் செய்வதே இவ்வேலைக்கு உயிர். தாம் எழுதியதைத் திட்டத்தாரிடம் சமர்ப்பிக்கின்றனர். அதனை மற்றவர் படித்து, பிழை காட்டி, திருத்தச் சொல்லி, பின்னரே பொது மூலத்தில் சேர்க்கின்றனர். ஒருவர் ஒரு பெட்டிக்குச் செய்த வேலை, அதே மாதிரிப் பெட்டியை வைத்திருக்கும் அனைவர்க்கும் அன்றுமுதல் பயன்படுகின்றது. இவ்வாறு ஆயிரத்துக்கு மேற்பட்ட மாதிரிகள் சேர்ந்துள்ளன.

எல்லாப் பெட்டிக்கும் இது வாய்க்கும் என்று சொல்வதற்கில்லை. கம்பெனியின் முத்திரைக் கையொப்பம் இல்லாத நிலைபொருளை எழுப்ப மறுக்கும் பெட்டிகள் பெருகியுள்ளன. குவால்காம், மீடியாடெக் சில்லுகள் பலவற்றுக்குத் திறந்த இயக்கு மென்பொருள் உண்டு. புதிய பிராட்காம் கம்பியில்லாச் சில்லுகள் பலவற்றுக்கோ அது இல்லை. முதன்முதல் திறந்த நீலப் பெட்டியில் இருந்தது பிராட்காம் சில்லே என்பதை நினைக்க வியப்பாக உள்ளது.

பிளவும் இணைவும்

ஓபன்டபிள்யூஆர்டி திட்டத்தாருக்குள்ளும் பிணக்கு நேர்ந்தது. முடிவுகள் வெளிப்படையாக எடுக்கப்படவில்லை எனக் குறைகூறிய உழைப்பாளர் சிலர், 2016-ஆம் ஆண்டு மே மாதத்தில் பிரிந்து லீட் என்னும் தனித்திட்டம் கண்டனர். சங்கங்கள் பிரிவது நமக்குப் புதிதன்று. பிரிந்தவை மீண்டும் சேர்வதே அரிது. இவர்களோ 2018-ஆம் ஆண்டு ஜனவரியில் மீண்டும் ஒன்றாயினர். புதிய விதிகளும் புதிய உழைப்பும் லீட்டினுடையவை. பெயர் மட்டும் பழையது.

2024-ஆம் ஆண்டு நவம்பரில் இவ்வரலாறு ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. மென்பொருள் விடுதலைக் காப்பகம் என்னும் அமைப்போடு சேர்ந்து, ஓபன்டபிள்யூஆர்டி திட்டத்தார் தமக்கென்றே வடிவமைத்த ரூட்டரை வெளியிட்டனர். ஓபன்டபிள்யூஆர்டி ஒன் என்பது அதன் பெயர். வெளியானபோது அதன் விலை 89 அமெரிக்க வெள்ளியாக இருந்தது. அதில் 1024 மெகாபைட் நினைவகமும், 256 மெகாபைட் முதன்மை அழியா நினைவகமும் உள்ளன. 2002-ஆம் ஆண்டு நீலப் பெட்டியோடு ஒப்பிட்டால் இரண்டும் சரியாக 64 மடங்கு. அன்றியும், எழுத முடியாதபடி காக்கப்பட்ட தனி மீட்புப் பகுதி ஒன்றும் அதில் வைத்துள்ளனர். எவ்வளவு தவறாகத் திருத்தினாலும் அது செங்கல் ஆகாது என்பதே அதனைச் செய்தோரின் குறிக்கோள். முன்னர் ஓட்டையின் வழியே நுழைந்தவர்க்கு, இப்பொழுது வாயிலே வைத்துக் கட்டியிருக்கின்றனர்.

நமக்கு என்ன?

இவ்வளவு உழைப்பும் எதன்பொருட்டு? கம்பெனி தரும் நிலைபொருளே போதாதா? விற்பனை நின்ற சில ஆண்டுகளில் கம்பெனிகள் பழைய பெட்டிக்குத் திருத்தம் வெளியிடுவதை நிறுத்திவிடுகின்றன. பெட்டியோ மேலும் பல ஆண்டுகள் வீட்டில் ஓடுகின்றது. அதன் ஓட்டைகளை அறிந்தவர் வெளியே இருக்கின்றனர். 2018-ஆம் ஆண்டு மே மாதத்தில், விபிஎன்பில்டர் எனப் பெயரிட்ட தீநிரல் 54 நாடுகளில் குறைந்தது 5,00,000 கருவிகளில் புகுந்திருந்தமை வெளிப்பட்டது. அவற்றுட் பெரும்பாலானவை வீட்டு ரூட்டர்களும் சிறு அலுவலக ரூட்டர்களுமே.

திறந்த நிலைபொருள் இருப்பின், கம்பெனி கைவிட்ட பெட்டியையும் பிறர் திருத்திக் காக்கலாம். அதற்கும் ஓர் எல்லை உண்டு. 4 மெகாபைட் அழியா நினைவகமோ 32 மெகாபைட் நினைவகமோ மட்டும் உள்ள பெட்டிகளுக்கு ஓபன்டபிள்யூஆர்டி 19.07-ஆம் பதிப்போடு முறையான ஆதரவு முடிந்தது. மென்பொருள் வளர்ந்துவிட்டது, பழைய பெட்டி அதனைக் கொள்ளவில்லை. ஆயினும் அம்முடிவு மறைவாக வரவில்லை. காரணம் முன்கூட்டியே சொல்லப்பட்டது. ஏற்கமாட்டேன் என்பவர்க்கு மூலம் இன்றும் கையில் உள்ளது.

நம்முடைய பள்ளிகள் பலவற்றில் நன்கொடையாக வந்த கருவிகளே மிகுதி. தோட்டப் பள்ளிகளில் ஒரு பொருள் பழுதானால், புதியது வரும் நாளை எண்ணிக்கொண்டிராமல், உள்ளதைத் திருத்தி ஓட்டுவதே வழக்கம். மேசைக் காலையும் கூரைத் தகரத்தையும் அவ்வாறு திருத்த எவருடைய இசைவும் வேண்டியதில்லை. ரூட்டருக்கு மட்டும் இசைவு வேண்டும் என்பது எவ்வாறு பொருந்தும்? ஆகவே பள்ளிக்கோ வீட்டுக்கோ ரூட்டர் வாங்கும்முன் மூன்று வினாக்களைக் கேட்பது நலம். இதற்கு எத்தனை ஆண்டு திருத்தம் தருவீர்கள்? இதன் சில்லு யாருடையது? இதற்குத் திறந்த நிலைபொருள் உண்டா? கடைக்காரர்க்கு விடை தெரியாமலிருக்கலாம். மாதிரிப் பெயரையும் பதிப்பு எண்ணையும் குறித்துக்கொண்டு வந்து, ஓபன்டபிள்யூஆர்டி திட்டத்தார் வெளியிட்டுள்ள கருவிப் பட்டியலில் நாமே பார்த்துக்கொள்ளலாம். பதிப்பு எண்ணை விடலாகாது. நீலப் பெட்டியின் நான்காம் பதிப்புக்கும் ஐந்தாம் பதிப்புக்கும் இருந்த வேறுபாட்டை மேலே கண்டோம்.

மேல்வகுப்பு மாணவர்க்கு இவ்வரலாற்றை ஒரு பாடவேளையில் சொல்லிவிடலாம். எந்திரத்தில் ஆர்வமுள்ள பிள்ளை ஒருவன், கைவிடப்பட்ட பழைய ரூட்டரைத் திறந்து, அந்த மூன்று நான்கு உலோகப் புள்ளிகளைத் தேடத் தொடங்குவானாயின், அவனைக் கடிந்துகொள்ளாமல், மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் திறக்கச் சொல்லிக் கொடுப்பது ஆசிரியர் கடமை.